ஏற்காட்டில் ஒரு மர்ம இரவு: விடை தெரியாத புதிர்களோடு விளையாட ஒரு முழுமையான வழிகாட்டி

வருடத்துக்கு ஒருமுறை, மே மாதக் கோடை விழாக் கூட்டம் கலைந்த பிறகு, நாங்கள் மூன்று குடும்பங்கள் சேலத்திலிருந்து கிளம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காட்டில் ஓர் இரவு தங்குவோம். அந்த இரவுக்கு வீட்டில் வைத்திருக்கும் பெயர் 'மர்ம இரவு'. பேய்க்கதை சொல்லும் இரவு இல்லை அது. உலகத்தில் இன்னும் யாரும் அவிழ்க்காத முடிச்சுகளை நடுக்கூடத்தில் போட்டு, பெரியம்மாவிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளை வரை எல்லாரும் மல்லுக்கட்டும் இரவு. ஆறு வருடமாக நடத்திக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஏற்காடு வரை போக முடியாதவர்கள் சேலத்தில் மொட்டை மாடியிலேயே நடத்தலாம். எட்டு முதல் பன்னிரண்டு பேர் இருந்தால் போதும்.

முதல் படி: மூன்று பத்தித் தாள்

வேறு எதைத் தயாரிக்காவிட்டாலும் இதைத் தயாரியுங்கள். ஒரு முழுத் தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முதல் பத்தியின் தலைப்பு 'தெரிந்தது'. இரண்டாவது 'சொல்லப்படுவது'. மூன்றாவது 'நாம் நினைப்பது'. ஒரு புதிருக்கு ஒரு தாள். இரவு முழுக்க விளையாட்டு இந்தத் தாளின் மேல்தான் நடக்கும்.

இதன் அருமை எங்களுக்கு முதல் வருடமே தெரிந்துவிட்டது. மேரி செலஸ்ட் கப்பலின் கதையை நான்தான் சொன்னேன். 1872 டிசம்பரில், அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே, ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்த கப்பல். மேசையில் சூடு ஆறாத தேநீர் இருந்தது, உயிர்காப்புப் படகு கட்டிய இடத்திலேயே தொங்கியது என்று படித்ததை அப்படியே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஊருக்குத் திரும்பி நிதானமாகத் தேடிப் பார்த்தபோது மனது கனத்துவிட்டது. கப்பலின் படகு உண்மையில் அங்கே இல்லை. குறிப்பேட்டில் கடைசியாக எழுதப்பட்டது நவம்பர் 25-ஆம் தேதி. பத்து நாள் கழித்து அங்கே சூடான தேநீர் எப்படி இருக்கும்? ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் 1884-இல் இந்தச் சம்பவத்தை வைத்து ஒரு கற்பனைக் கதை எழுதினார். அதில் கப்பலின் பெயரை 'மாரி செலஸ்ட்' என்று மாற்றினார், படகுகளை அவற்றின் இடத்திலேயே இருக்கவைத்தார். கற்பனையும் உண்மையும் அன்றிலிருந்து பின்னிக்கொண்டுவிட்டன.

அடுத்த வருடம் அதே கப்பலை மூன்று பத்தித் தாளில் போட்டோம். 'தெரிந்தது' பத்தியில்: கேப்டன் பிரிக்ஸ், அவர் மனைவி, இரண்டு வயது மகள், ஏழு மாலுமிகள், ஆக மொத்தம் பத்துப் பேர்; படகைக் காணோம்; பீப்பாய்களில் ஏற்றிய சாராயச் சரக்கு பெரும்பாலும் அப்படியே. 'சொல்லப்படுவது' பத்தியில்: தேநீர், கடற்கொள்ளையர், ராட்சத மீன். மூன்றாவது பத்திதான் சூடு பிடித்தது. சாராய ஆவி வெடித்துவிடும் என்று பயந்து படகில் இறங்கி, கயிறு அறுந்து, கப்பலைத் தவறவிட்டிருப்பார்களோ என்றாள் பன்னிரண்டு வயதுப் பெண். ஆராய்ச்சியாளர்கள் பலரும் பேசுகிற ஊகம் அதுதான். அவளுக்கு அது தெரியாது. இரண்டாம் பத்தியை ஒதுக்கி வைத்ததும் அவளே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். பொய்யான விவரம் மர்மத்தைப் பெரிதாக்கிக் காட்டும், ஆனால் யோசிக்க இடம் தராது.

இரண்டாம் படி: எதை எடுப்பது, எதை விடுவது

மூன்று வகை வேண்டும். முழுக்க அவிழ்ந்தது ஒன்று, பாதி அவிழ்ந்தது ஒன்றிரண்டு, அவிழாதது இரண்டு மூன்று. எல்லாமே அவிழாதவையாக இருந்தால் ஒன்பது மணிக்கெல்லாம் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள்.

எடுப்பதற்கு முன் இன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள். 'இன்றுவரை யாராலும் முடியவில்லை' என்று பழைய புத்தகங்களில் இருப்பது இப்போது பொய்யாகியிருக்கலாம். அமெரிக்காவில் 'ஜோடியாக்' என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்ட கொலையாளி 1969-இல் பத்திரிகைகளுக்குச் சங்கேதக் கடிதங்கள் அனுப்பினான். முதல் சங்கேதத்தை ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் சில நாட்களிலேயே அவிழ்த்துவிட்டார்கள். 340 குறிகள் கொண்ட இரண்டாவது, 51 வருடம் யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் என்று மூன்று நாடுகளில் இருந்த மூன்று ஆர்வலர்கள் கணினியின் துணையோடு அதைப் படித்துவிட்டார்கள். எழுத்துகளை மாற்றியது போதாதென்று, அவற்றைச் சாய்வாகப் படிக்கும்படி அடுக்கியும் வைத்திருந்தான். சங்கேதம் அவிழ்ந்தது, ஆள் யார் என்பது இன்னும் தெரியவில்லை. பாதி அவிழ்ந்த புதிருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எதை விடுவது என்பதில் எங்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சமீபத்தில் காணாமல் போனவர்கள், தீராத கொலை வழக்குகள், யாரோ ஒரு தாய் இன்னும் காத்திருக்கும் சங்கதிகள், இவற்றைத் தொடுவதில்லை. ஜோடியாக்கிலும் சங்கேதத்தோடு நின்றுவிடுவோம், கொலைகளை விவரிக்க மாட்டோம்.

மூன்றாம் படி: சங்கேதம் தயாரித்தல்

கையால் அவிழ்க்க ஏதாவது இருந்தால்தான் கூட்டம் உயிரோடு இருக்கும். ஆங்கில எழுத்துகளை நகர்த்தும் சங்கேதங்களை விட்டுவிடுங்கள். தமிழுக்கென்றே செய்தது போல இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது நெடுங்கணக்கு எண். க், ங், ச் என்று பதினெட்டு மெய்களுக்கும் 1 முதல் 18 வரை எண். அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிருக்கும் 1 முதல் 12 வரை எண். ஓர் உயிர்மெய்யை இரண்டு எண்ணால் எழுதிவிடலாம். 'சே' என்றால் 3-8. புள்ளி வைத்த மெய்க்கு இரண்டாவது எண் 0, தனி உயிருக்கு முதல் எண் 0. ஆக சேலம் என்பது 3-8, 13-1, 10-0. ஏற்காடு என்பது 0-8, 17-0, 1-2, 5-5. இதைப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பெரியவர்களுக்கு எண்களைக் கலைத்துக் கொடுங்கள். க்-க்கு 1 என்றில்லாமல் 14 என்று இருக்கட்டும். இப்போது சாவி இல்லாமல் அவிழ்க்க வேண்டும். முடியுமா என்றால் முடியும், தமிழ் இலக்கணமே சாவி தரும். புள்ளி வைத்த மெய் எந்தச் சொல்லுக்கும் முதலில் வராது. க், ச், த், ப் நான்கும் புள்ளியோடு வந்தால், அடுத்து அதே எழுத்தின் உயிர்மெய்தான் வரும்: பக்கம், பச்சை, பத்து, அப்பா. எந்த எண் 0-வோடு வந்தாலும் அடுத்து தன்னையேதான் கூப்பிடுகிறதோ, அது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று என்று பிடித்துவிடலாம். செய்தியை நல்ல தமிழ்ச் சொற்களில் எழுதுங்கள். 'பக்தி' மாதிரி ஒரு வடசொல் நுழைந்தாலும் இந்தக் கணக்கு தவறிவிடும். பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்க்குப் பின் எது வரும் என்ற விதி, துப்பறியும் கருவியாக மாறும் அந்த நிமிடத்துக்காகவே நான் இதை ஒவ்வொரு வருடமும் வைக்கிறேன்.

இரண்டாவது வழி குறள் சங்கேதம். ஒரு புத்தகத்தையே சாவியாக வைப்பது பழைய முறை. 1885-இல் அமெரிக்காவில் வெளிவந்த, ஒரு புதையலைப் பற்றியவை என்று சொல்லப்படும் பீல் சங்கேதங்கள் மூன்றில் இரண்டாவது, அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தைச் சாவியாக வைத்து அவிழ்ந்தது. மற்ற இரண்டும் இன்னும் அவிழவில்லை. எல்லாமே கட்டுக்கதை என்பவர்களும் உண்டு. நமக்கு அதைவிட ஒழுங்கான புத்தகம் கையில் இருக்கிறது. 1330 குறள், ஒவ்வொன்றிலும் ஏழே சீர். குறள் எண், சீர் எண், எழுத்து எண் என்று மூன்று எண் கொடுத்தால் எந்த எழுத்தையும் சுட்டலாம்.

உதாரணம்: 391-6-4, 393-1-4. 391-ஆம் குறள் 'கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக'. ஆறாவது சீர் 'அதற்குத்', அதில் நான்காவது எழுத்து 'கு'. 393-ஆம் குறளின் முதல் சீர் 'கண்ணுடையர்', நான்காவது எழுத்து 'டை'. குடை! அடுத்த துப்பு வாசலில் தொங்கும் குடைக்குள் இருக்கிறது. மழை நாளில் இது இன்னும் பொருத்தம். சரி, இதை நீங்களே அவிழ்த்துப் பாருங்கள்: 1-1-1, 1-2-3, 34-2-1, 72-3-5. எங்கள் வீட்டில் இனிப்பு டப்பா இருந்த இடம் அது.

ஒரு எச்சரிக்கை. சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பும், சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பும் ஒன்றாக இருக்காது. எல்லா அணிக்கும் ஒரே பதிப்பைக் கொடுங்கள், அல்லது சங்கேதத்தை அந்தந்த அணியின் புத்தகத்தை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மையும் வேண்டுமென்றால் சேலத்துக்காரர்களுக்குக் கஷ்டமே இல்லை. ஜவ்வரிசியைக் கொதிக்கவைத்து, மேலே நிற்கும் கஞ்சியை ஆறவிட்டு, தீக்குச்சியால் தொட்டு எழுதுங்கள். காய்ந்ததும் எழுத்து மறைந்துவிடும். காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றினால், மாவுச்சத்து உள்ள இடம் மட்டும் கருநீலமாகும். ஆனால் கடையில் வாங்கும் ஏ4 தாள் பலவற்றில் மாவுச்சத்து ஏற்கெனவே பூசியிருக்கும், தாள் முழுக்க நீலமாகிவிடும். மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, நிறம் மாறாத தாளைத் தேர்ந்தெடுங்கள். எலுமிச்சைச் சாற்றில் எழுதிச் சூடு காட்டும் பழைய முறை எல்.இ.டி. பல்பு வந்த பிறகு சரிப்படுவதில்லை; இஸ்திரிப் பெட்டி வேண்டும், அதைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும். தாள் பழையதாகத் தெரிய வேண்டுமா? ஏற்காட்டுக் காபித் தூளைக் கொதிக்கவைத்த தண்ணீரில் நனைத்துக் காயவையுங்கள். வாசனையும் சேர்ந்தே வரும்.

நான்காம் படி: நம் ஊர் ரயில் வழக்கு

இரவின் நடுப்பகுதிக்கு நான் எப்போதும் வைப்பது இதைத்தான். நம் ஊர்க்காரர்களுக்குச் செய்தியாகத் தெரியும், ஆனால் புதிராக யோசித்துப் பார்த்தவர்கள் குறைவு. துப்புச் சீட்டுகளை ஒவ்வொன்றாக, ஐந்து நிமிட இடைவெளியில் கொடுங்கள்.

சீட்டு ஒன்று: 2016 ஆகஸ்ட் 8 இரவு, சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்கு ஒரு விரைவு ரயில் கிளம்புகிறது. அதன் பார்சல் பெட்டியில், ரிசர்வ் வங்கிக்குப் போகும் பழைய நோட்டுகள், 342 கோடி ரூபாய், மரப்பெட்டிகளில். சீட்டு இரண்டு: ஆயுதம் தாங்கிய காவலர்கள் அதே ரயிலில் போகிறார்கள். சீட்டு மூன்று: மறுநாள் சென்னையில் திறந்தால், பெட்டியின் கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. 5.78 கோடி ரூபாயைக் காணோம்.

இங்கே நிறுத்திக் கேளுங்கள்: முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ரயிலில், ஓட்டை எந்த இடத்தில் போடப்பட்டிருக்கும்? எல்லாரும் ஏதாவது ஒரு ஸ்டேஷன் பெயரைச் சொல்வார்கள். பத்து நிமிடம் விட்டு நான்காம் சீட்டைக் கொடுங்கள்: அப்போது சேலத்திலிருந்து விருத்தாசலம் வரை அந்த ரயிலை இழுத்தது டீசல் எஞ்சின், விருத்தாசலத்தில் மின்சார எஞ்சின் மாற்றுவார்கள்.

கூடம் அமைதியாகிவிடும். அப்புறம் ஒரு குரல் எழும்பும். மின்சாரப் பாதையில் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி. அதன் கீழே ஓடும் ரயிலின் கூரையில் உட்கார்ந்து தகட்டை வெட்ட முடியாது. ஆகவே விருத்தாசலத்துக்கு முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து, 2018-இல், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கும்பலைக் கைது செய்த சிபிசிஐடி போலீஸார் சொன்னதும் அதுதான்: சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையில். போன வருடம் அதைக் கண்டுபிடித்தது ரயில்வேயில் வேலை பார்த்த சித்தப்பா இல்லை, மாமரத்தில் மின்கம்பி உரசும் தோட்டத்து வீட்டில் வளர்ந்த அத்தை.

பிள்ளைகளுக்குக் கடைசிச் சீட்டு ஒன்று உண்டு. அதே வருடம் நவம்பர் 8-ஆம் தேதி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. திருடியவர்கள் கையில் எஞ்சியிருந்த நோட்டுகள் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களையே பேசவிடுங்கள். கட்டாயம் மூன்றாம் பத்தியில் எழுதச் சொல்லுங்கள், முதல் பத்தியில் இல்லை.

ஐந்தாம் படி: காபி இடைவேளையில் வினாடி வினா

தட்டுவடை செட்டும் காபியும் சுற்றி வரும்போது இதை நடத்திவிடலாம். பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். பெயரையும் தேதியையும் கேட்காமல், ஏன் என்று கேட்கும் கேள்விகளாக வையுங்கள். நான் வைத்ததில் நன்றாக எடுபட்டவை இவை.

1971 நவம்பர் 24-இல் அமெரிக்காவில் விமானத்தைக் கடத்தி, இரண்டு லட்சம் டாலர் வாங்கி, பாராசூட்டில் குதித்து மறைந்தவரை 'டி.பி. கூப்பர்' என்கிறோம். அவர் டிக்கெட்டில் அந்தப் பெயர் இல்லை. ஏன்? அவர் கொடுத்தது 'டான் கூப்பர்', 'டி.பி.' செய்தியாளர்களின் பிழை, அதுவே நிலைத்துவிட்டது. 1980-இல் ஆற்றங்கரை மணலில் ஒரு சிறுவன் கையில் அந்தப் பணத்தில் 5,800 டாலர் கிடைத்தது. மீதிப் பணம் கிடைக்கவில்லை.

1977 ஆகஸ்ட் 15-இல் ஒஹையோவின் வானொலித் தொலைநோக்கியில் பதிவான, விண்வெளியிலிருந்து வந்த 'வாவ்' சமிக்ஞை சரியாக 72 வினாடிதான் இருந்தது. அனுப்பியவர் 72 வினாடியில் நிறுத்திவிட்டாரா? இல்லை. அந்தத் தொலைநோக்கி தரையில் அசையாமல் நிற்பது. பூமி சுழலும்போது வானத்தின் ஒரு புள்ளி அதன் பார்வையில் நிற்பதே அவ்வளவு நேரம்தான்.

உள்ளூர்க் கேள்வி: கொல்கத்தாவில் உள்ள ஒரு கல்லறைக்கும் சேர்வராயன் மலைக்கும் என்ன உறவு? கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் ஒரு பாறை வகைக்கு 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மலையும் அதே வகைப் பாறை.

மதிப்பெண்ணில் ஒரு விதி. சரியான பதிலுக்கு இரண்டு. தெரியாததைத் 'தெரியாது' என்று எழுதினால் ஒன்று. அடித்துவிட்ட பதில் தவறானால் ஒன்று குறையும்.

ஆறாம் படி: விடை இல்லாத மணி நேரம்

ஒன்பது மணிக்கு மேல் விளக்கைக் குறையுங்கள். பிள்ளைகளை வெளியே துப்புத் தேட அனுப்பாதீர்கள். தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. எல்லாரும் வட்டமாக உட்காரட்டும்.

சிந்து எழுத்தில் தொடங்குங்கள். தமிழர்களுக்கு அது தூரத்துப் புதிர் இல்லை. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் அந்த எழுத்துகளின் தொகுப்பை வெளியிட்டார். 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சர், அந்த எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தார். ஏன் இன்னும் படிக்க முடியவில்லை என்பதைச் சொல்லாதீர்கள், அனுபவிக்கவிடுங்கள். கலைத்த நெடுங்கணக்கு எண்ணில் ஓர் அணிக்கு நூறு எழுத்துச் செய்தி கொடுங்கள், இன்னோர் அணிக்கு ஐந்தே எழுத்து. முதல் அணி முட்டி மோதி முன்னேறும். இரண்டாவது அணி எதையும் வைத்து எதையும் படிக்கும். 'அம்மா பேசு' என்றும் படிக்கலாம், 'அண்ணே பாடு' என்றும் படிக்கலாம், மறுக்க வழியில்லை. சிந்து முத்திரைகளில் சராசரியாக ஐந்து குறிகள்தான். எகிப்து எழுத்துக்கு ரொசெட்டா கல் கிடைத்தது போல இரண்டு மொழியில் எழுதிய கல்லும் இதுவரை கிடைக்கவில்லை.

ஆனாலும் தெரிந்தது ஒன்று உண்டு. அந்த எழுத்து பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது. எப்படித் தெரியும்? ஒரு சிலேட்டில் பெரிய எழுத்தில் பெயர் எழுதச் சொல்லுங்கள். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருங்கும். சில முத்திரைப் பதிவுகளில் குறிகள் இடது ஓரத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. வாசிக்கவே தெரியாத எழுத்தின் திசையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பிள்ளைகள் துள்ளுவதைப் பார்க்க வேண்டும்.

பிறகு வாய்னிச் கையெழுத்துப் பிரதி. இது நேர் எதிர்: இருநூறு பக்கத்துக்கு மேல் எழுத்து, செடிகளின் படம், வட்டங்கள், குளிக்கும் பெண்கள். தோல் 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டது என்று கார்பன் சோதனை சொல்கிறது. 1912-இல் வாய்னிச் என்ற புத்தக வியாபாரி வாங்கினார். இப்போது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, பக்கங்களை எல்லாரும் பார்க்கலாம். நீளம் இருந்தும் ஒரு வரிகூடப் படிக்கப்படவில்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், நீளம் மட்டும் இருந்தால் போதாது என்று கூட்டமே சொல்லிவிடும். நேரமிருந்தால் பாஸ்டன் அருங்காட்சியகத் திருட்டையும் எடுக்கலாம்: 1990 மார்ச் 18, போலீஸ் உடையில் இருவர், 81 நிமிடம், 13 கலைப்பொருட்கள். ஓவியங்கள் இருந்த வெற்றுச் சட்டங்கள் இன்னும் சுவரில் தொங்குகின்றன.

இந்த மணி நேரத்தில் நடத்துபவர் செய்யக்கூடாதது ஒன்று: பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்களே என்று நீங்களாக ஒரு முடிவைச் சொல்லி மூடுவது. மூன்றாம் பத்தி எத்தனை நீளமானாலும் சரி. முதல் பத்தியில் ஒரு வரிகூடக் கூட்டாதீர்கள்.

ஏழாம் படி: உறை

படுக்கப் போகும் முன் ஒவ்வொருவரும் ஒரு புதிரைத் தேர்ந்தெடுத்து, அதற்குத் தன் ஊகத்தையும், எந்தச் சான்று கிடைத்தால் அந்த ஊகத்தைக் கைவிடுவேன் என்பதையும் எழுத வேண்டும். இரண்டாவது இல்லாத சீட்டை வாங்கிக்கொள்ள மாட்டோம். எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி, ஒட்டி, மூத்தவர் கையெழுத்துப் போடுவார். அது சேலத்து வீட்டு பீரோவில் வருடம் முழுக்க இருக்கும். அடுத்த வருடம் மலையேறியதும், பைகளைப் பிரிப்பதற்கு முன், அந்த உறையைத்தான் முதலில் பிரிப்போம். போன முறை பெரியம்மாவின் சீட்டில் 'சிந்து எழுத்து: வியாபாரிகளின் பெயரும் சரக்கும். ஒரு முழுப் பாட்டு எழுதிய பலகை கிடைத்தால் விட்டுவிடுகிறேன்' என்று இருந்தது. இந்த வருடமும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறார்.